கட்டியவர் வெளியே நின்ற கோயில்

புஷ்ய பகுள பஞ்சமியன்று காலையில் கலசப்பாக்கத்து நண்பர்கள் சிலர் ஒரு வீட்டில் கூடி, திருவையாற்றுப் பஞ்சரத்னக் கீர்த்தனைகளை ஒலிபரப்பில் கேட்பது நெடுநாள் வழக்கம். முன்பு வானொலிப்பெட்டியைச் சுற்றி அமர்ந்திருந்தோம். பின்னர் தொலைக்காட்சி வந்தது. எங்களில் இருவருக்கு இசை தெரியும். மற்றவர்கள் கேட்பதோடு சரி. ஆரணியில் பட்டுத்தறியில் அமர்ந்தே வயதானவர் ஒருவரும் வருவார். நாட்டை முடிந்து கௌளை தொடங்குவதற்குள் அவருக்குக் கண் கலங்கிவிடும். ஏன் என்று நாங்கள் கேட்பதில்லை.

ஓராண்டு அவருடைய பேத்தியும் உடன் வந்திருந்தாள். திரையில் ஒருபுறம் ஆண்களும் எதிர்ப்புறம் பெண்களுமாக வரிசையில் அமர்ந்து ஒரே குரலாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். சற்று நேரம் பார்த்துவிட்டு, “தாத்தா, இதுல பொம்பளைங்க எப்பலேர்ந்து பாடுறாங்க?” என்று அவள் கேட்டாள். தாத்தா எங்களைப் பார்த்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆராதனை தொடங்கிய நாள்தொட்டு எல்லோரும் பாடிவருவதாகவே நாங்கள் எண்ணியிருந்தோம். எண்ணியிருந்தோம் என்றுகூடச் சொல்ல இயலாது, அது ஒரு கேள்வியாகவே எங்களுக்குத் தோன்றியதில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய் நாங்கள் அறிந்துகொண்ட வாழ்க்கைதான் இக்கட்டுரை. அந்த மாதங்களில் எங்களில் ஒருவர் அமெரிக்கக் கறுப்பினப் பாடகியரின் வரலாற்றை வாசித்துக்கொண்டிருந்தார். ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒருவரை ஒருவர் அறியாமல், இரு கண்டங்களில் வாழ்ந்த இரண்டு பெண்களை அருகருகே நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பு அதனால் அமைந்தது. இருவரில் நமக்கு அண்மையானவரிடமிருந்து தொடங்குவோம்.

*

பெங்களூர் நாகரத்னம்மாள் 1878 நவம்பர் 3 அன்று மைசூர் அரசைச் சேர்ந்த நஞ்சன்கூட்டில் பிறந்தார். தாய் புட்டலட்சுமி தேவதாசி மரபினர். தந்தையான வழக்கறிஞர் தாயையும் மகளையும் கைவிட்டுச் சென்றார். ஆதரவற்ற நிலையில் மைசூர் வந்த புட்டலட்சுமி, அங்கே கிரிபட்ட திம்மய்யா என்னும் சமஸ்கிருத அறிஞரிடம் மகளைக் கற்க வைத்தார். காவியங்களும் இலக்கணமும் அந்தச் சிறுமிக்கு இளமையிலேயே வசப்பட்டன. பின்னாளில் தியாகராஜர்மேல் நூற்றெட்டு நாமங்கள் கொண்ட சமஸ்கிருத நாமாவளியை அவர் இயற்றியதற்கு வித்து அங்கேதான் விழுந்தது.

பிறகு மைசூர் வாழ்க்கை கசந்தது. தாய் மகளுடன் வெளியேறினார். மகள் கலைகளில் தேர்ச்சி பெறாமல் அந்நகருக்குத் திரும்புவதில்லை என்று அவர் சூளுரைத்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. பெங்களூரில் முனுசுவாமப்பாவிடம் சங்கீதப் பயிற்சி தொடர்ந்தது. முனுசுவாமப்பா தியாகராஜரின் சீடர் வழியில் வந்தவர். அந்த வழி வாலாஜாப்பேட்டை வழி.

இந்த இடத்தில் எங்கள் நெசவுக்காரப் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாலாஜாப்பேட்டை எங்களுக்குத் தொலைவூர் அன்று. ஆரணியிலிருந்து ஆற்காடு வந்து, பாலாற்றைக் கடந்தால் போதும். தியாகராஜரின் நேர்ச்சீடர்களுள் முதன்மையானவர் என்று போற்றப்படும் வாலாஜாப்பேட்டை வேங்கடரமண பாகவதர் (1781–1874) தஞ்சை அருகே அய்யம்பேட்டையில் பிறந்து, பின்னர் வாலாஜாப்பேட்டைக்குக் குடிபெயர்ந்தவர். பட்டு நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட சௌராஷ்டிர சமூகத்தவர். குருவின் கீர்த்தனைகளை ஓலையில் எழுதிக் காத்த பெருமை அவருக்கும் அவருடைய மகன் கிருஷ்ணசாமி பாகவதருக்கும் உண்டு. தியாகராஜரின் வாழ்க்கை பற்றிய மிகப் பழைய குறிப்புகள் சிலவும் அவ்விருவரிடமிருந்தே நமக்குக் கிடைத்தன. அச்சுவடிகளை மதுரை சௌராஷ்டிர சபை பாதுகாத்து வந்திருக்கிறது.

தியாகராஜரின் இசை அக்கிரகாரத்துக்குள்ளேயே பிறந்து அங்கேயே வளர்ந்தது என்று பொதுவாக எண்ணுகிறோம். தறிக்குழியில் அமர்ந்த கைகளும் அதைச் சுமந்து வந்திருக்கின்றன. அந்தக் கைகளிலிருந்தே தேவதாசி மரபைச் சேர்ந்த ஒரு சிறுமிக்கும் அது கிடைத்தது. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

*

இளமையிலேயே தாயை இழந்த நாகரத்னம்மாள் பதினைந்து வயதளவில் அரங்கேறினார். மைசூர் அரசவையிலும் அவருடைய பாட்டும் ஆட்டமும் பாராட்டுப் பெற்றன. பெங்களூரில் நீதிபதி நரஹரி ராவ் அவரை ஆதரித்தார். பிறகு சென்னை அவரை அழைத்தது. அந்நாளில் பெரிய சபைகளும் செல்வர் இல்லங்களும் இசைத்தட்டு நிறுவனங்களும் சென்னையில்தான் திரண்டுகொண்டிருந்தன. அவருடைய இசைத்தட்டுகள் வெளிவந்தன. 1905 முதல் 1934 வரை அவர் செய்த கச்சேரிகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. சென்னையில் வருமானவரி செலுத்திய முதல் பெண் கலைஞர் அவரே என்பர். குரல் ஆண்குரலை ஒத்த கனம் கொண்டது. யதுகுலகாம்போதி அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்பட்ட ராகம்.

இத்தனை புகழுக்கு நடுவில் அவர் ஈடுபட்ட ஒரு காரியம் இலக்கிய வாசகர்கள் மறக்கக் கூடாதது. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த முத்துப்பழனி என்னும் கணிகை, ‘ராதிகா ஸாந்த்வனமு’ என்ற தெலுங்குக் காவியத்தை இயற்றியிருந்தாள். தான் வளர்த்த இளா என்னும் பெண்ணைக் கண்ணனுக்கு மணமுடித்துக் கொடுத்துவிட்டுப் பிறகு பொறாமையில் வேகும் ராதையும், அவளைத் தணிவிக்க முயலும் கண்ணனும்தான் அதன் பொருள். முன்னரே அச்சாகியிருந்த பதிப்பில் நூலாசிரியை தன்னைப் பற்றியும் தன் தாய்வழி முன்னோரைப் பற்றியும் சொன்ன பகுதிகள் விடுபட்டிருந்தன. நாகரத்னம்மாள் மூலச்சுவடியைத் தேடிப் பெற்று ஒப்புநோக்கிப் பதிப்பித்தார்; 1910-இல் வாவிள்ள பதிப்பகம் வெளியிட்டது.

எதிர்ப்பு உடனே கிளம்பியது. பெண்ணொருத்தி சிருங்காரத்தை இவ்வளவு வெளிப்படையாக எழுதலாமா என்பது குற்றச்சாட்டு. தெலுங்கு நாட்டின் பெரும் சீர்திருத்தவாதியான கந்துகூரி வீரேசலிங்கம் இக்காவியத்தைப் பெண்கள் கேட்கத் தகாதது என்று முன்பே ஒதுக்கியிருந்தார். அதற்கு நாகரத்னம்மாள் தம் முன்னுரையில் விடை சொல்லியிருக்கிறார். அதன் சாரம்: நாணம் பெண்ணுக்கு மட்டும்தான் விதிக்கப்பட்டதா? இதைவிட வெளிப்படையாக எழுதிய ஆண்கவிகளைக் கற்றோர் போற்றிப் பாடம் சொல்கிறார்களே, வீரேசலிங்கமே அத்தகைய நூலைப் பாடமாக்க இசைந்திருக்கிறாரே, அது எப்படி? இதற்கு நேரான பதில் அவருக்குக் கிடைக்கவில்லை. மாறாக, காவல்துறையினர் வந்து பிரதிகளைப் பறிமுதல் செய்தனர். அரசு நூலைத் தடை செய்தது. அறிஞர் பலர் முறையிட்டும் தடை நீங்கவில்லை. தங்குதூரி பிரகாசம் சென்னை மாகாணத்தின் பிரதமராயிருந்த காலத்தில்தான், முப்பதாண்டுகளுக்கும் மேலாக நீடித்த அத்தடை விலகியது. வாவிள்ள பதிப்பகம் 1952-இல் அந்நூலை மீண்டும் அச்சிட்டது. நாகரத்னம்மாள் காலமானதும் அதே ஆண்டில்தான்.

ஒரு பெண் எழுதிய காவியத்தின் முகப்பில் அவளுடைய பெயரையும் வழியையும் திரும்ப எழுதியதற்காக அவர் பட்ட பாடு இது. திருவையாற்றில் அவரை எதிர்நோக்கியிருந்ததும் இதே பாடுதான், வேறு வடிவில்.

*

தியாகராஜர் 1847 ஜனவரி 6 அன்று திருவையாற்றில் சித்தியடைந்தார். காவிரிக்கரையில் அமைந்த சமாதி காலப்போக்கில் கவனிப்பாரற்றுப் போயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதைத் தேடிச் செப்பனிட்டனர். பின்னர் தில்லைஸ்தானம் சகோதரர்களான நரசிம்ம பாகவதரும் பஞ்சு பாகவதரும் ஆண்டுதோறும் ஆராதனையைக் கொண்டாடத் தலைப்பட்டனர். சில ஆண்டுகளிலேயே கருத்து வேறுபாடு முளைத்தது. பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிரிந்து வித்வான்கள் தனித்தனியே விழா நடத்தினர். பல காரியங்களில் முரண்பட்ட இவ்விரு கட்சியினரும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போயினர்: பெண்கள் அங்கே பாடலாகாது.

1921-இல் நாகரத்னம்மாளுக்கு அவருடைய குருநாதர்களில் ஒருவரான பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. திருவையாறு சென்றிருந்த கிருஷ்ணப்பா, சமாதி சீர்கெட்டுக் கிடந்த நிலையை அதில் எழுதியிருந்தார். கடிதத்தைக் கண்டதும் நாகரத்னம்மாள் திருவையாறு புறப்பட்டார். அந்நிலத்தைப் பெற ஏற்பாடு செய்தார். 1921 அக்டோபர் 27 அன்று கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு மேல் பணி நடந்தது. கச்சேரிகளில் ஈட்டிய பொருளும் நகைகளும் சொத்துகளும் அதில் கரைந்தன. 1925 ஜனவரி 7 அன்று தியாகராஜரின் திருவுருவம் நிறுவப்பட்டுக் குடமுழுக்கு நடந்தேறியது.

இன்று திருவையாறு செல்பவர்கள் காணும் சந்நிதி இவ்வாறு எழுந்ததுதான். ஆனால் அதைக் கட்டியவருக்கு அதன் முன்னிலையில் பாட இடமில்லை. ஹரிகதை செய்ய அனுமதி கேட்டார், மறுக்கப்பட்டது. செலவை ஏற்கலாம், நிலம் பெற்றுத் தரலாம், நித்திய பூஜைக்கு வழி செய்யலாம். வாய் திறந்து பாடுவது மட்டும் கூடாது. பெண் என்பது ஒரு காரணம். தேவதாசி என்பது, சொல்லியும் சொல்லாமலும், மற்றொரு காரணம். அவர்களுடைய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பதங்களையும் ஜாவளிகளையும் கேட்டுச் சுவைத்த அதே சமூகம், பக்தியின் மேடை என்று வந்தபோது அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்தியது.

நாகரத்னம்மாள் அழுது திரும்பிவிடவில்லை. வசை பாடவும் இல்லை. 1927-இல் தம்மைப் போன்ற பெண் கலைஞர்களைத் திரட்டினார். இரு கட்சிகளும் முன்புறம் கச்சேரி நடத்த, சமாதியின் பின்புறம் பெண்கள் தனியே அமர்ந்து பாடத் தொடங்கினர். ஊரார் அதைப் ‘பெண்கள் கட்சி’ என்றனர். எள்ளலாகச் சொன்னவர்களும் இருந்திருக்கக் கூடும். ஆனால் ஆண்டுதோறும் அக்கட்சி வந்தது, ஆண்டுதோறும் பாடியது. முன்புறம் மூடியிருந்தால் பின்புறம் பாடுவது என்ற அந்த முடிவில் இருந்த பொறுமையை எண்ணியெண்ணி வியந்தோம். தியாகராஜரின் முகம் எந்தப் பக்கம் இருந்தாலும் செவி எல்லாப் பக்கமும் இருக்கும் என்று எங்கள் பெரியவர் சொன்னார்.

கடைசியில், எஸ். ஒய். கிருஷ்ணசுவாமி என்னும் ஐ.சி.எஸ். அதிகாரியின் முயற்சியில் 1940-ஆம் ஆண்டையொட்டிக் கட்சிகள் இணைந்தன. 1941 முதல் பெண்களும் ஆண்களுடன் ஒரே ஆராதனையில் பாடினர். எங்கள் பேத்தியின் கேள்விக்கு விடை அந்த ஆண்டுதான். பின்புறம் பாடத் தொடங்கி முன்புறம் வந்து சேரப் பதினான்கு ஆண்டுகள் பிடித்தன.

*

இனி அமெரிக்கப் பாடகியிடம் வருவோம். மாட்டில்டா சிசரெட்டா ஜோன்ஸ் 1860-களின் இறுதியில் வர்ஜீனியா மாநிலத்தின் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தார். அடிமை முறை சட்டப்படி ஒழிந்து மூன்று நான்கு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. தந்தை மதகுரு, தாய் துணி வெளுத்துப் பிழைத்தவர், தேவாலயப் பாடற்குழுவில் பாடுபவர். குடும்பம் ரோட் ஐலண்டின் பிராவிடன்ஸ் நகருக்குப் பெயர்ந்தது. அங்கேதான் அவர் முறையாக இசை கற்றார். பெண்குரல்களில் மிக உயர்ந்த ஸ்தாயியில் இயங்குவதை மேலைநாட்டார் சொப்ரானோ என்பர். ஜோன்ஸுக்கு அமைந்தது அந்தக் குரல்.

1892-இல் வெள்ளை மாளிகையில் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் முன் பாடினார். அதே ஆண்டு நியூயார்க்கில், பின்னர் கார்னெகி ஹால் என்று பெயர்பெற்ற இசையரங்கில் பாடினார். அங்கே பாடிய முதல் கறுப்பினத்தவர் அவரே. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சி. 1894-இல் செக் இசையமைப்பாளர் துவோர்சாக் நடத்திய நியூயார்க் நிகழ்ச்சியில் முதன்மைப் பாடகி. பத்திரிகைகள் அவரைக் ‘கறுப்பு பாட்டி’ என்றன. நம் வீட்டுப் பாட்டிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அடெலினா பாட்டி அக்காலத்தின் மிகப் புகழ்பெற்ற இத்தாலியப் பாடகி. இந்தப் பட்டத்தை ஜோன்ஸ் விரும்பவில்லை. தம் பெயராலேயே அறியப்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். முத்துப்பழனியின் பெயரை நூல்முகப்பில் மீட்டு எழுதிய நாகரத்னம்மாளுக்கு அந்த விருப்பம் புரிந்திருக்கும்.

இவ்வளவு பாடியும் ஜோன்ஸால் ஒரு பெரிய ஆப்பெரா மேடையில் வேடமிட்டு நிற்க முடியவில்லை. கதையை முழுதும் இசையாலேயே நடத்தும் அந்நாடக அரங்குகள் நிறத்தைக் காட்டிக் கதவடைத்தன. ஆகவே 1896 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், தம் பட்டப்பெயரையே தாங்கிய ஒரு கறுப்பினக் கலைக்குழுவுடன் ஊர் ஊராகச் சென்றார். கோமாளிக் கூத்தும் ஆட்டமும் முடிந்த பின், நிகழ்ச்சியின் இறுதிப் பகுதியில் அவர் வந்து ஆப்பெராப் பாடல்களைப் பாடுவார். அதுவும் ஒரு வகையில் பின்புறம் அமர்ந்து பாடியதுதான். 1915-இல் மேடையை விட்டுப் பிராவிடன்ஸ் திரும்பி நோயுற்ற தாயைப் பேணினார். வருவாய் நின்றது. வீடுகளை விற்றார். ஒரு காலத்தில் மார்பில் அணிந்து பாடிய பதக்கங்களையும் நகைகளையும் விற்று உண்டார். 1933-இல் வறுமையில் இறந்தார். அவருடைய குரல் பதிவான இசைத்தட்டு ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை.

இருவரும் நகைகளை விற்றார்கள். ஒருவர் தாம் பாட முடியாத ஒரு சந்நிதியை எழுப்ப விற்றார். மற்றவர் தம்மைப் பாட விடாத ஒரு நாட்டில் உயிர் தரிக்க விற்றார். இந்த ஒற்றுமைதான் முதலில் எங்கள் கண்ணில் பட்டது. ஆனால் அவர்களுக்குப் பின் நடந்தவற்றைப் பார்த்தபோது ஒற்றுமையைவிட வேற்றுமையே எங்களை அதிகம் தொந்தரவு செய்தது.

ஜோன்ஸ் இறந்து ஆறாண்டுகள் கழித்து, 1939-இல், மரியன் ஆண்டர்சனுக்கு வாஷிங்டனின் கான்ஸ்டிடியூஷன் ஹால் மறுக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் அவர் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று எழுபத்தையாயிரம் பேர் முன்னிலையில் பாடினார். 1955 ஜனவரி 7 அன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் ஆப்பெராவில் ஆண்டர்சன் வேடமேற்றுப் பாடியபோது அந்த அரங்கின் நிறக்கதவு திறந்தது. திருவையாற்றுக் குடமுழுக்கு நடந்து சரியாக முப்பது ஆண்டுகள் நிறைந்த நாள் அது. தற்செயல்தான், எனினும் நாள்காட்டியில் இரண்டையும் அருகருகே குறித்துவைத்தோம். அடுத்த ஆண்டே மாட்டிவில்டா டாப்ஸ், 1961-இல் லியன்டைன் பிரைஸ் என்று கறுப்பினச் சொப்ரானோக்கள் அதே மேடையின் நாயகியராயினர். ஜோன்ஸ் தம் வாழ்நாளில் தோற்றார். ஆனால் அவருக்கு மூடப்பட்ட கதவு வழியாக உள்ளே சென்றவர்கள் அவருடைய மக்களே.

*

நாகரத்னம்மாள் கதையில் இது தலைகீழாக நடந்தது. அவர் தம் வாழ்நாளிலேயே வென்றார். கதவு திறந்ததைக் கண்ணால் கண்டார்; உள்ளே சென்று பாடினார். ஆனால் அந்தக் கதவின் முன் நின்ற பெண்களின் வழிமுறை, கதவு திறந்த அதே ஆண்டுகளில் கலைந்துகொண்டிருந்தது.

1927 மற்றொரு வகையிலும் முக்கியமான ஆண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அவருடைய தாயும் இசைவேளாளர் மரபினர். அந்த வாழ்க்கையின் துயரத்தை அருகிருந்து அறிந்தவர் அவர். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதே துயரத்தை உள்ளிருந்தே அனுபவித்து வெளியே வந்து போராடினார். எதிர்த்தரப்பில், சென்னை மாகாணத் தேவதாசியர் சங்கத்தின் சார்பில் நின்றவர்களுள் முதன்மையானவர் நாகரத்னம்மாள். தம் குலப்பெண்களைக் கலைஞர்களாகவும் கற்றவர்களாகவும் பாராமல் வெறும் ஒழுக்கக்கேட்டின் உருவமாகச் சட்டம் சித்திரிப்பதை அவர்கள் எதிர்த்தனர். பெண்களுக்கிருந்த சொத்துரிமை என்னாவது, கலை என்னாவது என்று கேட்டனர்.

இதில் யார் பக்கம் நியாயம் என்று எங்களுக்குள் ஒரு மாலை முழுவதும் வாதம் நடந்தது. எதுவும் அறியாத வயதில் ஒரு சிறுமிக்குப் பொட்டுக்கட்டி, அவள் வாழ்க்கையை யாரோ செல்வர்களின் தயவுக்கு ஒப்படைக்கும் வழக்கம் ஒழிந்தே தீரவேண்டியிருந்தது. அதில் எங்களுக்கு ஐயமில்லை. 1947-இல் சட்டம் நிறைவேறியது நல்லதே. ஆனால் நாகரத்னம்மாள் கேட்ட கேள்வியின் மறுபாதிக்கு விடை கிடைக்கவேயில்லை. வழக்கத்தை ஒழித்தபோது அதில் வாழ்ந்த பெண்களின் கலைக்கும் கல்விக்கும் பெயருக்கும் உரிய மதிப்பைத் தரச் சமூகம் மறந்துவிட்டது. இழிவு நீங்கவில்லை, தொழில் மட்டும் போயிற்று. பல குடும்பங்கள் தம் பெண்களுக்குப் பாட்டும் ஆட்டமும் வேண்டாம் என்று முடிவு செய்தன. தாயின் பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொண்டவர்கள் அதைப் பற்றிப் பேசுவதைத் தவிர்த்தனர்.

அதே காலத்தில், 1930-களில், டி. கே. பட்டம்மாள் போன்றவர்கள் பிராமணக் குடும்பங்களிலிருந்து கச்சேரி மேடைக்கு வந்தனர். அவர்கள் காட்டிய துணிவும் பெரிது. தம் வீட்டார், ஊரார் சொற்களைக் கடந்தே அவர்கள் வந்தார்கள். எம். எஸ். சுப்புலட்சுமி, பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி, எம். எல். வசந்தகுமாரி என்று பழைய மரபின் வழிவந்த மாபெரும் கலைஞர்களும் அந்நாளில் ஒளிர்ந்தனர். ஆயினும் அடுத்தடுத்த தலைமுறைகளில் அவ்வரிசை மெலிந்தது. தாய்வழியாகப் பாட்டு இறங்கி வந்த வீடுகளிலிருந்து மேடைக்கு வரும் பெண்கள் அருகினர். நாகரத்னம்மாள் திறந்த கதவு எல்லாப் பெண்களுக்கும் திறந்தது. அவருடைய கட்சியில் அமர்ந்த பெண்களின் பேத்தியர்தாம் அதன் வழியே அதிகம் வரவில்லை.

இதற்காக இன்று அங்கே அமர்ந்து பாடும் எவரையும் குறை சொல்வதற்கில்லை. யாருக்கு நன்றி சொல்கிறோம் என்பதை அறிந்து பாடினால் போதும் என்றுதான் எங்களுக்குத் தோன்றுகிறது.

*

நாகரத்னம்மாள் இறுதிக்காலத்தைத் திருவையாற்றிலேயே எளிமையாகக் கழித்தார். தம் உடைமைகளைத் தியாகராஜரின் சமாதிப் பணிக்கே எழுதிவைத்தார். 1952 மே 19 அன்று, எழுபத்து மூன்றாம் வயதில் அங்கேயே காலமானார். தியாகராஜரின் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் நினைவிடம் அமைந்தது. அதில் உள்ள அவருடைய உருவச்சிலை, கைகூப்பி அமர்ந்து, தாம் எழுப்பிய சந்நிதியையே நோக்கியிருக்கிறது. ஒளிபரப்பின்போது படக்கருவி அந்தப் பக்கம் திரும்புவதை நாங்கள் இத்தனை ஆண்டுகளாகக் கவனித்ததில்லை. திரும்பியதோ இல்லையோ, பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு இருந்ததில்லை.

அடுத்த ஆண்டு புஷ்ய பகுள பஞ்சமிக்கு நாங்கள் ஒலிபரப்புக்குக் காத்திராமல் திருவையாற்றுக்கே போனோம். கலசப்பாக்கத்திலிருந்து முதல்நாளே புறப்பட்டு, திருவண்ணாமலையில் பேருந்து மாறி, விடியும் முன் காவிரிக்கரையில் இறங்கினோம். எங்கள் பெரியவர் ஒரு முழம் மல்லிகை வாங்கினார். பிறகு யோசித்து இன்னொரு முழம் வாங்கினார். முதலாவது தியாகராஜருக்கு. கூட்டத்தில் வழி கேட்டுக் கேட்டு நாகரத்னம்மாளின் நினைவிடத்தை அடைந்து, இரண்டாவதைப் பேத்தியின் கையில் கொடுத்தார்.

பூவை வைத்துவிட்டு அவள் திரும்பியபோது நாட்டை தொடங்கியிருந்தது. பெண்கள் வரிசையின் ஓரத்தில் சற்று இடம் இருந்தது. அவள் போய் உட்கார்ந்தாள்.